மூலம் வந்தவர் முதலில் செய்ய வேண்டியது: முக்காமல் போகப் பழகுதல்

மூலத்துக்காக நான் முதன்முதலாக டொக்டரிடம் போனபோது அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, பூசிய மருந்தைப் பற்றியும் கேட்கவில்லை. "தம்பி, கக்கூசுக்குள்ள எவ்வளவு நேரம் இருப்பீங்கள்?" என்றுதான் கேட்டார். போனைக் கையில் கொண்டு போவேன், இருபது இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றேன். "மருந்து எழுதித் தாறன். ஆனா அந்த இருபத்தஞ்சு நிமிஷத்தை அஞ்சாக்காட்டி மருந்தால பெரிசா ஒண்டும் நடக்காது" என்றார்.

அதற்கு முன் மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ரத்தத்தைக் கண்டு பயம், சொல்ல வெட்கம். வெள்ளவத்தையில் அறைக்கு அறை தெரிந்தவர்கள். பாமசியில் பூச்சு ஒன்று கேட்பதற்கே நாக்குத் தடுமாறியது. இப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள் கொழும்பில் எத்தனையோ பேர் என்பது பிறகு பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக இந்தத் தொல்லை வந்தவர் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசையில் சொல்கிறேன்.

தொடங்குமுன்: இது மூலம்தானா?

ஆசனவாய்க்குள் ரத்தக் குழாய்களால் ஆன மெத்தை போன்ற திசு எல்லோருக்கும் உண்டு. காற்றும் மலமும் கசியாமல் மூடிவைக்க அது உதவுகிறது. முக்கி முக்கி அழுத்தம் கூடும்போது அது வீங்கிக் கீழே இறங்குகிறது. அதைத்தான் மூலம் என்கிறோம். உள்ளே இருப்பது உள்மூலம். பெரும்பாலும் வலி இருக்காது, போகும்போது பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும். வாயிலில் இருப்பது வெளிமூலம். கடிக்கும், உட்காரும்போது நோகும். அதற்குள் ரத்தம் உறைந்துவிட்டால் திடீரென்று நீலம் பாய்ந்த கட்டி ஒன்று எழும்பி உயிர் போகும் வலி வரும். அந்த வலி முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்தில் இருக்கும். அதற்குள் டொக்டரிடம் போனால் கட்டியை வெட்டி எடுத்து விரைவில் சுகம் தர வாய்ப்புண்டு. ஆகவே அப்படி வந்தால் வீட்டில் தாங்கிக்கொண்டு கிடக்க வேண்டாம்.

போகும்போது பிளேட்டால் கீறியது போல வலித்து, அந்த எரிவு ஒரு மணித்தியாலம் நின்றால் அது மூலமாக இல்லாமல் ஆசனவாய்த் தோலில் வந்த வெடிப்பாக இருக்கலாம். பார்த்துச் சொல்ல டொக்டர்தான் வேண்டும்.

கீழே உள்ளவற்றில் ஒன்றாவது இருந்தால் வீட்டு வைத்தியத்தைத் தள்ளிவைத்து முதலில் டொக்டரைப் பாருங்கள்:

- நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு முதன்முறையாக ரத்தம் போவது
- ரத்தம் மலத்தோடு கலந்து, அல்லது கருஞ்சிவப்பாக வருவது. தார் போலக் கறுப்பாகப் போவது
- காரணமில்லாமல் உடம்பு மெலிவது, களைப்பு, கண்ணின் கீழிமையின் உட்புறம் வெளிறுவது
- பல கிழமைகளாகப் போகும் பழக்கமே மாறியிருப்பது. போய் வந்த பிறகும் இன்னும் இருக்கிறது என்ற உணர்வு விடாமல் இருப்பது
- பெற்றோர், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருப்பது

இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவருக்கு மலம் கறுப்பாகும், பீற்றூட் சாப்பிட்டவருக்குச் சிவப்பாகும். அதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் "மூலம்தானே" என்று ரத்தத்தை வருஷக்கணக்கில் விட்டுவைக்கவும் கூடாது. ரத்தம் நிற்காமல் போகிறது, தலை சுற்றுகிறது என்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

முதல் படி: கக்கூசுக்குள் நடப்பது

மருந்தும் சாப்பாடும் பிறகு. இன்றைக்கே, ஒரு சதமும் செலவில்லாமல் மாற்றக்கூடியது இதுதான்.

போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். கொமட்டின் ஓட்டையான ஆசனத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த இடத்துக்குத் தாங்கல் இல்லை. ரத்தம் கீழே இறங்கித் தேங்குகிறது. முக்காமல் சும்மா இருந்தாலும் அதுதான் நடக்கும். ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து. வரவில்லையா, எழும்பி வந்துவிடுங்கள். கொஞ்சம் நடந்து, தேத்தண்ணி குடித்து, மறுபடி உணர்வு வரும்போது போகலாம். "வந்ததுக்கு முடிச்சிட்டுத்தான் போவேன்" என்று அடம்பிடிப்பதுதான் மூலத்தை வளர்க்கிறது.

காலுக்குக் கீழே ஒரு குட்டி ஸ்டூல் வையுங்கள். ஊரில் குந்தியிருந்து பழகியவர்கள் கொழும்பு அனெக்ஸுக்கு வந்து கொமட்டில் இருக்கத் தொடங்கியபின் சிக்கல் வந்தது என்று சொல்வார்கள். அதில் விஷயம் இருக்கிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதியைச் சுற்றி ஒரு தசை வார் போட்டது மாதிரி முன்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. நிமிர்ந்து இருக்கும்போது, பூமரத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் மடிந்தது போல வழி வளைந்தே இருக்கும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் அந்தத் தசை தளர்ந்து வழி நேராகும். ஆறிலிருந்து எட்டு அங்குல உயரம் போதும். பிள்ளைகள் முகம் கழுவ ஏறி நிற்கும் பிளாஸ்டிக் ஸ்டூல் சரியாக இருக்கும். அதில் பாதத்தை வைத்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றுங்கள்.

இனி மூச்சு. நாம் முக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்; அந்த அழுத்தம் முழுவதும் கீழேதான் இறங்குகிறது. அதை மாற்ற வாயை லேசாகத் திறந்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி வயிற்றை முன்னால் தள்ளிப் பாருங்கள். முதல் நாலைந்து நாள் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். எனக்குப் பழக இரண்டு கிழமை எடுத்தது.

நேரமும் முக்கியம். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அது நன்றாகத் தெரியும். ஆனால் கொழும்பில் அந்த அரை மணித்தியாலத்தில்தான் நாம் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நிற்கிறோம். உணர்வு வரும், அடக்குவோம், ஒபிஸ் கக்கூசில் போகப் பிடிக்காது, பின்னேரம் வரைக்கும் அடக்குவோம். அதற்குள் குடல் தண்ணீரை உறிஞ்சி மலத்தைக் கல்லாக்கிவிடும். அரை மணித்தியாலம் முன்னால் எழும்பி, வெந்நீரோ பிளேன்டீயோ குடித்து, ஏதாவது சாப்பிட்டு, ஆறுதலாக ஒருமுறை போய் இருந்து பாருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு நாளும் அதே நேரம். உணர்வு வேலைத்தலத்தில் வந்தால் அங்கேயே போய்விடுங்கள்.

தினமும் போயே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவையும் சாதாரணம், கிழமைக்கு மூன்று தடவையும் சாதாரணம். பார்க்க வேண்டியது மலம் எப்படி இருக்கிறது என்பதைத்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வைத்தியர்கள் 1997இல் வெளியிட்ட ஏழு வகை அட்டவணை ஒன்று இருக்கிறது. ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக இருப்பது முதல் வகை, தண்ணீராகப் போவது ஏழாவது. வாழைப்பழம் போல வழுவழுப்பாக, உடையாமல் வருவது நாலாவது. நாம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த நாலு.

இரண்டாவது படி: இப்போதைய நோவுக்கு

வெந்நீரில் இருப்பது போல ஆறுதல் தருவது வேறில்லை. ஒரு அகலமான பிளாஸ்டிக் பேசன் வாங்குங்கள், இதற்கு மட்டும் வைத்துக்கொள்ள. கேத்தலில் கொதித்த தண்ணீரைப் பைப் தண்ணீரோடு கலந்து, முழங்கையை விட்டுப் பாருங்கள்: குழந்தையைக் குளிக்க வார்க்கும் சூடு இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். பேசனில் நாலு அங்குலத் தண்ணீர் போதும். அதில் பத்துப் பதினைந்து நிமிஷம் இருங்கள். உள்ளே இறுகிப் பிடித்திருக்கும் தசை தளர்வது தெரியும். போய் வந்தவுடன் ஒன்று, படுக்க முன் ஒன்று என நாளைக்கு இரண்டு மூன்று தடவை செய்யலாம். உப்பும் வேண்டாம், கிருமிநாசினி கட்டாயம் வேண்டாம். புண்பட்ட தோலை அது எரித்துவிடும். எழும்பியதும் தேய்க்காமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

வீக்கம் கூடுதலாக இருந்தால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வைக்கலாம். துணியில்லாமல் நேரே வைக்கக் கூடாது. கழுவும்போது ஹோஸை வேகமாகத் திறந்து அடிக்காதீர்கள். மெதுவாகத் தண்ணீர் விட்டால் போதும், சவர்க்காரம் தேவையில்லை. போகுமுன் ஆசனவாயில் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் உராய்வு குறையும்.

பாமசியில் கிடைக்கும் பூச்சுகள் கடியையும் நோவையும் சில நாள் தணிக்கும், அவ்வளவுதான். ஸ்டீரொய்ட் கலந்ததை டொக்டர் சொல்லாமல் ஒரு கிழமைக்கு மேல் பூசக் கூடாது, தோல் மெலிந்துபோகும். நான் மூன்று மாதம் பூசினேன். அதை நானாகச் சொன்னபோதுதான் டொக்டரின் முகம் மாறியது.

மூன்றாவது படி: கோப்பையில் என்ன இருக்கிறது

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். கொழும்பில் தனியாக இருந்து வேலை செய்பவரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் கால் றாத்தல் பாண்: ஏறக்குறைய 3 கிராம். பகல் கடைப் பார்சல், வெள்ளைச் சோறு, கோழிக்கறி, பேருக்கு ஒரு கரண்டி பருப்பு: 4, 5 கிராம். பின்னேரம் ரோல்ஸ், இரவு கொத்து. எல்லாம் சேர்த்தாலும் பத்தைத் தாண்டுவது கஷ்டம். வயிறு நிறைந்திருக்கும், குடலுக்கு ஒன்றும் போயிருக்காது.

இதை மாற்ற விலை கூடிய சாமான் தேவையில்லை. நூறு கிராம் கொய்யாவில் 5 கிராம் இருக்கிறது. அவித்த கடலை அரைக் கோப்பையில் 6 கிராம். ரோல்ஸுக்குப் பதில் அதைத் தேங்காய்ச் சொட்டோடு தாளித்துச் சாப்பிட்டாலே பாதி வேலை முடிந்தது. சோற்றைச் சிவப்பரிசிக்கு மாற்றுங்கள். பருப்பைத் தண்ணியாக ஊற்றாமல் கெட்டியாக, இரண்டு கரண்டி போடுங்கள். நாளைக்கு ஒரு கீரை: முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, எது மலிவோ அது, வறையாக அல்லது சம்பலாக. கிழமையில் இரண்டு நாள் குரக்கன் பிட்டு அல்லது குரக்கன் ரொட்டி. பப்பாசி ஒரு துண்டு. அதில் நார் கொஞ்சம்தான், ஆனால் தண்ணீர்ச்சத்தோடு சேர்ந்து பலருக்கு நன்றாக இளக்கிக் கொடுக்கும்.

சமைக்க வசதியில்லாதவருக்கு ஒரு நல்ல வழி இலைக்கஞ்சி. சிங்களத்தில் கொல கெந்த. காலையில் வீதியோரத்தில் பெரிய பாத்திரத்தோடு விற்பார்கள். பச்சைப் பசேலென்று, சிவப்பரிசியும் இலைச்சாறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கஞ்சி, கடித்துக்கொள்ள ஒரு சின்னத் துண்டு கருப்பட்டி. சூடாக ஒரு கோப்பை குடித்தால் குடலை எழுப்பிவிடும். இலையை வடிகட்டிவிடுவதால் நார் அவ்வளவு இராது. அதையே முழுக்க நம்பாமல் கூட ஒரு கொய்யாவையும் சாப்பிடுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டாதீர்கள். வயிறு ஊதும், காற்றுப் பிரியும், "இது எனக்கு ஒத்துவரேல்ல" என்று விட்டுவிடுவீர்கள். முதல் கிழமை ஒரு கீரையும் ஒரு பழமும். அடுத்த கிழமை கடலை. அதற்கு அடுத்தது சிவப்பரிசி.

தண்ணீரும் கூடவே கூட வேண்டும். கொழும்பு வெக்கையில் நின்ற இடத்தில் வியர்க்கிறது. அந்த நஷ்டம் குடலில்தான் தெரியும். நம் வீடுகளில் மூலத்துக்கு "உடம்புச் சூடு" என்று காரணம் சொல்வார்கள். நண்டையும் கோழியையும் நிறுத்தச் சொல்வார்கள். நண்டு மூலத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் வெயிலில் காய்ந்து தண்ணீர் குடிக்காத உடம்பில் மலம் இறுகும் என்பது உண்மை. அந்தச் சூட்டுப் பேச்சுக்குள் இந்த அனுபவமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாளுக்கு எட்டுக் கோப்பை அளவில் வையுங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமானது குடிக்கிறீர்கள். இருதயம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. நோன்பு மாதத்தில் பலருக்குச் சிக்கல் கூடும். நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரைக்கும் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் இருக்கும் மேசையில் ஒரு தட்டுப் பழமும் இருக்கட்டும்.

மிளகாயைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மிளகாயால் மூலம் வருகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் புண் இருக்கும் நாட்களில் கட்டச்சம்பல் சாப்பிட்டால் அடுத்த நாள் எரிவு தெரியும். ஆறும்வரை கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

நாலாவது படி: இசப்கோல்

சாப்பாட்டால் மட்டும் 25 கிராமை எட்ட முடியாதவருக்கு இசப்கோல், அதாவது நார்ச்சத்து நிறைந்த ஒரு விதையின் உமி. பாமசிகளில் கிடைக்கும். ஒரு தேக்கரண்டியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி, உடனே குடித்துவிடுங்கள். போனில் ஒரு மெசேஜ் பார்த்துவிட்டுத் திரும்பினால் டம்ளருக்குள் கசகசா ஊறியது போலக் கொழகொழவென்று கட்டிப்பட்டிருக்கும். பிறகு விழுங்குவது பெரும்பாடு. குடலுக்குள்ளும் அதே வேலையைத்தான் செய்கிறது, தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது. அதனால் மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் அவசியம். தண்ணீரில்லாமல் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். சில நாள் கழித்து இரண்டு தேக்கரண்டியாக்கலாம். வேறு குளிசைகள் எடுப்பவர்கள் இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். விழுங்கச் சிரமம் உள்ளவர்களும், குடல் அடைப்பு வந்தவர்களும் எடுக்கக் கூடாது.

நார்ச்சத்தைக் கூட்டுவதால் மூலத்தில் ரத்தம் போவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது இரண்டு நாளில் நடப்பதில்லை. ஆறு கிழமை விடாமல் செய்ய வேண்டும்.

நாட்டு வைத்தியம், மற்றவை

"மூலத்துக்குக் கருணை" என்று அம்மம்மாமார் சொல்வார்கள். சமஸ்கிருதத்தில் கருணைக்கிழங்குக்கு மூலத்தை அழிப்பது என்ற பொருளில் அர்சோக்ன என்றே ஒரு பெயருண்டு. புளி விட்டு நன்றாக அவித்து, நாக்குக் கடிக்காமல் கறியாக்கிச் சாப்பிடுங்கள். நார் உள்ள கிழங்கு, கெடுதி இல்லை. திரிபலா, அதாவது கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த தூள், இரவில் எடுத்தால் இளக்கும். புறக்கோட்டை கேபோஸ் லேன் பக்கத்து மருந்துச் சரக்குக் கடைகளில் கிடைக்கும். ஆனால் உங்கள் உடம்புக்கு ஏற்ற அளவைப் பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொரளையில் ஆயுர்வேத வைத்தியசாலையே இருக்கிறது.

ஆமணக்கெண்ணெய் குடித்து ஒரேயடியாகக் கழிய விடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அடிக்கடி கழிவதும் மூலத்தைப் புண்ணாக்கும். நிலாவாகை கலந்த பேதி மருந்துகளையும் சில நாளுக்கு மேல் எடுக்க வேண்டாம். சுவரொட்டியில் "மூலம், பௌத்திரம், ஒபரேஷன் இல்லாமல்" என்று நம்பர் போட்டிருப்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். என்ன மருந்து என்று சொல்லாமல் அந்த இடத்தில் எதையும் பூசவோ ஊசி ஏற்றவோ யாரையும் விடக் கூடாது. வெந்து புண்ணானால் மூலத்தைவிட அதுதான் பெரிய கதை.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. வயிறு பெருக்கும்போது மூலம் வருவது சாதாரணம். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தை இறுக்கும். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குடும்பநல மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். வெந்நீரில் இருப்பதும் நார்ச்சத்தும் ஸ்டூலும் உங்களுக்கும் பொருந்தும். பேதி மருந்தும் நாட்டுத் தூளும் கேட்காமல் வேண்டாம். கொடின் கலந்த வலிக்குளிசை, கல்சியம், வயிற்று அமிலத்தைத் தணிக்கும் சில மருந்துகள் எடுப்பவர்களுக்கும் மலம் இறுகும் என்பதை நினைவில் வையுங்கள்.

நடை? அரை மணித்தியாலம், கிழமையில் ஐந்து நாள். வெள்ளவத்தைக் கடற்கரையோரமோ காலிமுகத்திடலோ, எங்கே வசதியோ அங்கே. ஒபிஸில் மணிக்கொரு தரம் எழும்பி நில்லுங்கள். மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குவதை ஆறும்வரை நிறுத்துங்கள்.

ஆறு கிழமைக்குப் பிறகும் ரத்தம் நிற்காவிட்டால்

எத்தனை நாள் ரத்தம் போனது, எந்த வகையாக மலம் போனது, வலி இருந்ததா என்று சின்னக் கொப்பியில் குறித்துக்கொண்டு வாருங்கள். தேசிய வைத்தியசாலையிலோ களுபோவில ஆஸ்பத்திரியிலோ வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம், காசில்லை. வசதி இருந்தால் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணலாம். உள்மூலத்துக்குச் சின்ன ரப்பர் வளையம் போட்டு அதன் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, சில நாளில் தானாக உதிரச் செய்வார்கள். சில நிமிஷ வேலை, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். பெரிய ஒபரேஷன் தேவைப்படுபவர் சிலர்தான். வளையம் போட்டாலும் ஸ்டூலும் கீரையும் தொடர வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும்.

வாய் திறக்கக் கூச்சமாக இருந்தால் "பைல்ஸ், ரத்தம் போகுது" என்ற மூன்றே சொல் போதும், மிச்சத்தை அவர்களே கேட்பார்கள். தமிழ் தெரியாத தாதி இருந்தால் சிங்களத்தில் "அர்ஷஸ்" என்றும் "லே யனவா" என்றும் சொல்லுங்கள். பெண் டொக்டர் வேண்டும் என்றாலோ, பரிசோதிக்கும்போது கூட ஒருவர் நிற்க வேண்டும் என்றாலோ அதையும் தயங்காமல் கேளுங்கள்.